ஸ்டைல் மாறும் வேளை

மார்ச் 3, திங்கள்

திருப்பூரில் இந்தப் பனியன் கம்பெனியில் இன்று பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்தேன். பெயர்தான் அதிகாரி. அறை மாடிப்படிக்கு அடியில். யாராவது இறங்கினால் தலைக்கு மேல் செருப்புச் சத்தம். காலி நூல்கோன் பெட்டிகளை ஒதுக்கி ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். தூத்துக்குடியில் டிப்ளமோ படித்தபோது இதைவிடப் பெரிய மேசையைக் கற்பனை செய்திருந்தேன்.

முதல் வேலையைக் காலையிலேயே சொல்லிவிட்டார்கள். இந்த வருடம் தீ ஒத்திகைப் பயிற்சி எப்போது, எத்தனை தடவை என்று நான் முடிவு செய்து தர வேண்டும். பையர் கேட்கிறானாம். பையர் என்றால் வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிறவன். இங்கே சாமி படத்துக்கு விளக்கேற்ற மறந்தாலும் அவன் கேட்டதை மறக்க மாட்டார்கள்.

போன வருட ஒத்திகைப் படங்களைப் பார்த்தேன். பெண்கள் சிரித்துக்கொண்டே படியிறங்குகிறார்கள். பாதிப் பேர் கையில் டம்ளர். டீ மணியும் தீ மணியும் ஒரே நேரத்தில் அடித்திருக்கிறார்கள்! எப்படியும் டீக்கு இறங்கத்தான் போகிறார்கள், அதைப் படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். பையரும் திருப்தி அடைந்துவிட்டான்.

உற்பத்தி மேலாளர் சென்னியப்பன். ஐம்பது தாண்டியவர். இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான். பெரிய துரை என்று நினைப்பு.

"எத்தன தடவ வெக்கலாம்னு இருக்கீங்க அம்மிணி?"

"மாசம் ஒண்ணு சார். முன்னாடியே சொல்லாம. வேலை மும்முரமா ஓடும்போது."

"அப்பப் பீஸு யாரு தெக்கறது? நீங்களா, நானா?"

இந்த ஆள்தான் எனக்கு முட்டுக்கட்டை என்று தெரிந்துபோயிற்று.

மார்ச் 6, வியாழன்

எம்.டி.யிடம் கெஞ்சி ஒரே ஒரு ஒத்திகைக்கு அனுமதி வாங்கினேன். காலைப் பதினொரு மணி வாக்கில், யாருக்கும் சொல்லாமல் மணியை அடித்துவிட்டு இரண்டாம் மாடிக்கு ஓடினேன். தையல் பிரிவு அங்கேதான். ஆறு லைன், அதாவது ஆறு வரிசைத் தையல் மெஷின்.

மெஷினை அணைத்தார்கள். எழுந்தார்கள். தள்ளுமுள்ளு இல்லை, கூச்சல் இல்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு படிக்கட்டுக்கு முன்னால் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

வரிசை. சுவரில் இருக்கும் கைரேகை மெஷினுக்கு முன்னால் வரிசை! ஒவ்வொருத்தியும் கட்டைவிரலை வைக்கிறாள். விரலில் வியர்வையும் பஞ்சும். மெஷின் "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்கிறது. முந்தானையில் துடைத்து மறுபடி வைக்கிறாள். "தேங்க் யூ" என்கிறது. அடுத்தவள்.

விரல் வைக்காமல் மாடியை விட்டு இறங்கினால் அரை நாள் சம்பளம் வெட்டு. அது இவர்கள் உடம்பில் ஊறியிருக்கிறது. மணி காதில் அலறுகிறது, இவர்கள் ரேஷன் கடையில் நிற்பதுபோல் நிற்கிறார்கள். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு இது நிஜத் தீயாக இருந்தால் என்று யோசித்தேன்.

மார்ச் 7, வெள்ளி

ஹெச்.ஆரிடம் போய், மணி அடித்தால் விரல் வேண்டாம் என்று உத்தரவு போடச் சொன்னேன். சாப்ட்வேர் ஒத்துக்கொள்ளாது என்றார். மெஷினைக் கீழே வாசலுக்கு மாற்றச் சொன்னேன். வயர் எட்டாது என்றார். ஒரு மனுஷனின் மூளைக்கும் வயர் எட்டாமல் போகும் என்பதை நேரில் கண்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

எம்.டி. அறையில் கூட்டம். மாதம் ஒரு ஒத்திகை என்றேன். எம்.டி. சிரித்தார். "எதுக்கும்மா ஒண்ணு? ரெண்டா வெச்சுக்கோ!" நான் நம்பவில்லை. பிறகுதான் மீதி வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வைக்க வேண்டும், இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை.

நான் தலையாட்டினேன். மாதம் இரண்டு என்பது பெரிய வெற்றியாகத் தெரிந்தது.

வெளியே வரும்போது சென்னியப்பன், "சோத்து நேரத்துலயா?" என்றார். பீஸ் குறையாதே, சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று மனதுக்குள் திட்டினேன்.

மார்ச் 19, புதன்

சாப்பாட்டு நேர ஒத்திகை நடந்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது.

சாப்பாட்டுக் கூடம் தரைத்தளத்தில். மணி அடிப்பதற்கு முன்பே எல்லாரும் கீழேதான் இருந்தார்கள். ஆகவே தீயிலிருந்து இறங்கிக் காட்டுவதற்காக அவர்களை மேலே ஏற்ற வேண்டியதாயிற்று. டப்பாவைத் திறந்தவர்கள் மூடிவிட்டு ஏறினார்கள். சிலர் மூடாமல் கையிலேயே ஏந்திக்கொண்டு ஏறினார்கள்.

நான்காம் லைனில் ஓவர்லாக் தைக்கும் மயிலாத்தாள் படியில் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி என்னைக் கேட்டாள்: "ஏனுங் சேப்டி மேடம், சோத்தத் தின்னுபோட்டுச் சாகோணுமுங்களா, வெறும் வயித்துல சாகோணுமுங்களா? சொல்லிப்போட்டீங்கன்னா அதுக்குத் தக்கன வருவமுங்."

மாடி முழுக்கச் சிரித்தது. எனக்கு மணியாத்தா என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆறாம் லைனில் பாதிப் பேர் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். அவர்களில் ருனு என்ற பெண், தமிழில் பத்து வார்த்தை தெரியாதவள், அவளும் என்னைப் பார்த்து "மனியாத்தா" என்றாள்.

படிக்கட்டுக்கு அடியில் தனியாகச் சாப்பிட்டேன். எப்போதும் அப்படித்தான். அது ஒன்றுமில்லை.

மார்ச் 24, திங்கள்

மயிலாத்தாளிடம் போனேன். அவள் மெஷின் பக்கத்தில் துணிக்கட்டு மேல் உட்கார்ந்து கேட்டேன். "எப்ப வச்சா உங்களுக்குச் சரியா இருக்கும்க்கா?"

தைப்பதை நிறுத்தாமலே பேசினாள். "எங்க நேரத்துல கை வெக்காதீங் கண்ணு. பொழுது விடிஞ்சு பொழுது போனா எங்களுக்குன்னு இருக்கறது அந்தச் சோத்து நேரம் ஒண்ணுதான். கம்பெனி தீப்பிடிச்சாக் கம்பெனி நேரத்துல ஒத்திக பாருங்கோ. எங்க வயிறா எரியுது? எரியத்தான் எரியுது, அது வேற."

திரும்பி வந்து சாப்பாட்டு நேர ஒத்திகையை ரத்து செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். ஹெச்.ஆர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "ஆறு மாசம் தகுதிகாண் பருவம்னு ஞாபகம் இருக்கட்டும்."

எனவே இப்போதைய நிலைமை இது. டீ மணிக்கு வைத்தால் பொய். சாப்பாட்டில் வைத்தால் திருட்டு. ஞாயிற்றுக்கிழமை வைத்தால் மாடியில் ஆளே இல்லை. வேலை நேரத்தில் வைத்தால் அனுமதி இல்லை. ஒத்திகையே வைக்காவிட்டால் என்றைக்கோ ஒரு நாள் நூற்றுச் சொச்சம் பெண்கள் புகையில் வரிசையாக நின்று விரல் வைப்பார்கள்.

மார்ச் 28, வெள்ளி

ராஜினாமாக் கடிதம் எழுதி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மேலே போனேன். போவதற்கு முன் சென்னியப்பனிடம் நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்றிருந்தது.

மூன்றாம் லைன் சும்மா உட்கார்ந்திருந்தது. வட்டக் கழுத்து பனியன் முடிந்து குழந்தைகள் இரவு உடை தொடங்குகிறது. இதற்கு ஸ்டைல் மாறுவது என்று பெயர். ஒவ்வொரு ஸ்டைலுக்கும் மெஷின்களின் வரிசை வேறு, நூல் வேறு. மெக்கானிக்குகள் மெஷினைத் தள்ளிக்கொண்டிருக்கும் வரை தையல்காரர்களுக்கு வேலை இல்லை. ஒருத்தி இன்னொருத்திக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூக்கம்.

நான் கோபத்தில் ஊர்ப் பேச்சுக்குப் போய்விட்டேன். "அண்ணாச்சி, இவ்வளவு உசிர வச்சுக்கிட்டு உங்களுக்கெல்லாம் எப்படித் தூக்கம் வருது?"

"அண்ணாச்சியா?" என்று திரும்பினார். "நானென்ன இங்க மளிகக் கடையா வெச்சிருக்கறேன்? பருப்பு கால் கிலோ போடட்டுமா அம்மிணி?"

சடை பின்னியவள் களுக்கென்று சிரித்தாள்.

அவர் மூன்றாம் லைனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "இதுக சும்மாதான உக்காந்திருக்குதுங்க. கூட்டிட்டுப் போங்க. மெக்கானிக்கு விசிலடிச்சா மெஷின்ல இருக்கோணும்."

"விரல்?"

"வெக்க வேண்டாம். சாயந்தரம் நான் சரி பண்ணிக் குடுத்தர்றேன்."

பின்படி வழியாக இறக்கினேன். பின்படியில் அட்டைப்பெட்டிகள் அடைத்துக் கிடந்தன. பெண்களே கைமாற்றிக் கைமாற்றி ஒதுக்கினார்கள். கீழே வேப்பமரத்தடியில் நிற்கவைத்து எண்ணி, திருப்பிக் கூட்டிப்போனேன். விசில் வருவதற்குள் ஏறிவிட்டார்கள். ஒரு பீஸ் குறையவில்லை. ஒரு வாய்ச் சோறு குறையவில்லை.

கடிதத்தின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது. அதில்தான் புதிய திட்டத்தை எழுதினேன். ஒத்திகைக்குத் தேதி கிடையாது. எந்த லைனுக்கு ஸ்டைல் மாறுகிறதோ அந்த லைனுக்கு அன்றைக்கு மணி.

ஏப்ரல் 4, வெள்ளி

முதல் லைன். நன்று. கைரேகை மெஷினைப் பார்த்ததும் இரண்டு பேருக்கு விரல் தானாக நீண்டது. பக்கத்தில் இருந்தவள் கையைத் தட்டிவிட்டாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

நான்காம் லைன். மயிலாத்தாள் மற்றவர்களை அதட்டி இறக்கினாள். "செருப்பத் தேடாதடி, செத்தா செருப்பு எதுக்குடி?"

சாப்பாட்டு நேரத்தில் அவள் படிக்கட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். "ஏன் எலியாட்ட இங்க உக்காந்திருக்கறீங்? வாங்கோ."

போனேன். என் டப்பா மூடியில் கொள்ளுப் பருப்பு வைத்தார்கள், புளிச்சோறு வைத்தார்கள். ருனு தண்ணீரில் ஊறிய சோறு கொண்டுவந்திருந்தாள். தயிரும் பச்சைமிளகாயும் போட்டது. அவர்கள் ஊரில் அதற்குப் பகாளா என்று பெயராம். நம் பழைய சோறேதான். சொன்னதும் அவளுக்கு ஒரே ஆச்சரியம். இன்று எதைத் தின்றேன், எதைத் தின்னவில்லை என்று தெரியவில்லை. வயிறு கனக்கிறது.

ஏப்ரல் 18, வெள்ளி

பெரிய வெள்ளி. கம்பெனிக்கு விடுமுறை இல்லை. ஷிப்மென்ட் என்றால் ஏசுவே வந்தாலும் விரல் வைத்துவிட்டுத்தான் சிலுவை ஏற வேண்டும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஒரு விசித்திரம். இரண்டாம் லைனுக்கு இந்த மாதம் மூன்றாவது ஸ்டைல். ஒரு ஆர்டரைப் பாதியில் நிறுத்தி வேறொன்று, அதையும் நிறுத்தி மறுபடி பழையது. ஐந்தாம் லைனிலும் அப்படித்தான். மெக்கானிக்குகள் சென்னியப்பனைச் சபித்துக்கொண்டே மெஷின் தள்ளுகிறார்கள். பையருக்குப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும். எப்படியோ, எனக்கு லாபம். மாதம் ஒன்று கேட்டவள் நான், இப்போது லைனுக்கு இரண்டு மூன்று கிடைக்கிறது.

மயிலாத்தாளிடம் இதைச் சொன்னேன். "ஆமாங் கண்ணு, பையருக்குத்தான் பைத்தியம்" என்று சொல்லிவிட்டுப் புருவத்தைத் தூக்கினாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

திட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. ஆறாம் லைன் ஜனவரியிலிருந்து கறுப்பு லெக்கின்ஸ் மட்டுமே தைக்கிறது. ஜூன் வரைக்கும் அதே ஆர்டர். அதற்கு ஸ்டைல் மாறவே மாறாது. அதனால் அந்த லைன் ஒரு முறைகூட இறங்கவில்லை. முன்படிக்கு மிக அருகில், கைரேகை மெஷினுக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருப்பதும் அந்த லைன்தான்.

சென்னியப்பனிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "லெக்கின்ஸுல கை வெச்சா எம்.டி. என்னய வீட்டுக்கு அனுப்பிருவாரு," என்றார். காலண்டரைப் பார்த்துவிட்டு, "ஷிப்மென்ட் போகட்டும். பத்து நாளு" என்றார்.

மே 1, வியாழன்

தொழிலாளர் தினம். ஆளுக்கு ஒரு லட்டு கொடுத்து, இந்த விடுமுறைக்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்கள். லட்டில் முந்திரி இல்லை.

மே 7, புதன்

கோவையில் ஒரு ஓட்டலில் பாதுகாப்பு அதிகாரிகளுக்கான கருத்தரங்கு. பயிற்சிகளுக்கு எப்படிக் கால அட்டவணை போடுவது என்று ஒருவர் திரையில் வண்ணக் கட்டங்கள் காட்டிக்கொண்டிருந்தார். போன் வந்தது.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது.

எல்லாரும் வெளியே இருக்கிறார்கள். எல்லாரும். இதைத்தான் முதலில் எழுத வேண்டும். மீதி நாளைக்கு.

மே 8, வியாழன்

நடந்தது இது. முதல் மாடியில் அயர்னிங் மேசைக்கு அடியில் வயர் உருகி, துணிக்கட்டில் பிடித்திருக்கிறது. அந்த மாடிக்காரர்கள் உடனே இறங்கிவிட்டார்கள். ஆனால் புகை முன்படி வழியாக மேலே இரண்டாம் மாடிக்கு ஏறியிருக்கிறது. மதியம் மூன்று மணி, வேலை மும்முரம். யாரோ மணியை அடித்திருக்கிறார்கள்.

மயிலாத்தாள் சொன்னாள்: "மணி கேட்டுது. எந்த லைனுக்கும் ஸ்டைல் மாறுலியே, எதுக்கு மணின்னு நெனச்சேன் கண்ணு. நெனச்சு முடிக்கறதுக்குள்ள காலு எந்திரிச்சுப்போச்சு. நானெங்க எந்திரிச்சேன்? காலுதான் எந்திரிச்சுது. ஒண்ணுலருந்து அஞ்சு வரைக்கும் பொளபொளன்னு பின்படில எறங்கிட்டோம். மரத்தடில நின்னு எண்ணுனோம். ஆறாம் லைனக் காணம்."

ஆறாம் லைன் முன்படியில் நின்றிருந்தது. மெஷினுக்கு முன்னால் வரிசையாக. புகை கண்ணைக் கரிக்கிறது, மெஷின் "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்கிறது, முதலில் நின்ற பெண் விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கிறாள். அவளுக்குப் பின்னால் ருனு.

கடைசி ஆளாக நின்று மாடியைப் பார்த்துக்கொண்டிருந்த சென்னியப்பன் ஓடிவந்தாராம். கத்தினாராம். யாரும் நகரவில்லை. அரை நாள் போய்விடுமே! அப்புறம் இரண்டு கையாலும் மெஷினைப் பிடித்துச் சுவரோடு பிய்த்து எறிந்திருக்கிறார்.

"கட்டவெரலக் கொண்டுபோய் அடுப்புல வைங்கடி! எறங்குங்கடி பின்னால!"

ருனுவுக்கு அந்த வசவில் ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் மெஷின் தரையில் கிடப்பது புரிந்தது. முன்னால் நின்றவளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவள்தான் முதலில் ஓடினாள். மயிலாத்தாள் அவளைப் பின்படி வாசலில் எதிர்கொண்டிருக்கிறாள்.

"கீழ விளுந்தும் அந்தச் சனியன் சாகுலீங். இவுங்க ஓடறப்ப 'தேங்க் யூ'ன்னுச்சாம்" என்று மயிலாத்தாள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

நான் அங்கே இல்லை. நான் இல்லாமலே இறங்கியிருக்கிறார்கள், நான் இல்லாமலே எண்ணியிருக்கிறார்கள். இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

மாலையில் சென்னியப்பனைப் பார்க்க அரசு மருத்துவமனைக்குப் போனேன். மெஷினின் தகரம் கிழித்து அவர் வலது உள்ளங்கையில் தையல். சட்டைக் கைகளைத் தோள்வரை வெட்டியிருந்தார்கள். இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் சுருங்கி, மினுமினுவென்று இருந்தது. நேற்றைய காயம் இல்லை. பல வருடம் பழையது. நான் கேட்கவில்லை. அவரும் போர்வையை இழுத்து மூடவில்லை.

"ஆறாம் லைன எண்ணுனீங்களா?" என்றார்.

"எண்ணிட்டாங்க."

"நீங்க எண்ணுனீங்களா?"

திரும்பிப் போய், ஆறாம் லைன் பெண்கள் தங்கியிருக்கும் கம்பெனி விடுதியில் ஒவ்வொரு முகமாகப் பார்த்து எண்ணிவிட்டு, அவருக்குப் போன் செய்தேன்.

மே 12, திங்கள்

கம்பெனிச் சொத்தைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு ஹெச்.ஆர். சென்னியப்பனுக்கு மெமோ அனுப்பியிருக்கிறார். இந்த ஆட்களை என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை. தெரிந்த வார்த்தைகள் எல்லாம் சின்னதாக இருக்கின்றன.

புது மெஷினை அதே சுவரில், அதே ஆணியில் மாட்டியிருக்கிறார்கள்.

மே 13, செவ்வாய்

காலையில் இரண்டாம் மாடிக்கு எல்லாரும் வந்தார்கள். மெஷினைக் கடந்து போய் அவரவர் இடத்தில் உட்கார்ந்து தைக்கத் தொடங்கினார்கள். ஒருத்தியும் விரல் வைக்கவில்லை. யார் சொல்லி வைத்தது என்று தெரியாது. கோஷம் இல்லை, சண்டை இல்லை. பீஸ் பாட்டுக்கு விழுந்துகொண்டே இருக்கிறது, கம்ப்யூட்டரில் மட்டும் மாடி காலி.

ஹெச்.ஆர். மேலே வந்து கேட்டார். மயிலாத்தாள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். "புகையில வெந்துபோச்சுங் சார். ஒட்ட மாட்டேங்குது."

மாடி முழுக்கக் கட்டைவிரல்கள் எழுந்தன. ருனுவின் விரலும்.

ஹெச்.ஆர். நாற்காலி போட்டு உட்கார்ந்து நாள் முழுக்கக் கையால் வருகை எழுதினார். ஒடிசாப் பெயர்களை அவர் உச்சரித்த விதத்தில் ஆறாம் லைன் சிரித்துச் சிரித்துத் தையலைக் கோணலாக்கியது.

மே 15, வியாழன்

வயர் எட்டிவிட்டது. மெஷின் இப்போது கீழே வாசலில், வேப்பமரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மெமோவைப் பற்றிப் பேச்சே இல்லை.

மே 19, திங்கள்

சென்னியப்பன் வேலைக்கு வந்துவிட்டார். வலது கையில் கட்டு. அரைக்கைச் சட்டை. யாரும் உற்றுப் பார்க்கவில்லை. மயிலாத்தாள் மட்டும், "சட்ட நல்லாருக்குதுங்ணா" என்றாள்.

பதினொரு மணிக்கு ஆறாம் லைனில் மெஷின்களைத் தள்ளும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். கறுப்பு லெக்கின்ஸ் பாதியில் நிற்கிறது. இரண்டு நாளைக்கு நைட்டி ஓட்டப் போகிறார்களாம். எம்.டி. கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன்.

"பையருக்குப் பைத்தியம்னு சொல்லுவேன்" என்றார்.

அப்போதுதான் எனக்கு ஏப்ரல் மாதம் முழுவதும் விளங்கியது. இரண்டாம் லைனின் மூன்று ஸ்டைல், ஐந்தாம் லைன், மெக்கானிக்குகளின் சாபம், மயிலாத்தாளின் புருவம். நான் போட்ட அட்டவணை என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தது பாதிக்கு மேல் இவர் போட்டது.

ஆறாம் லைன் கைகட்டி உட்கார்ந்து என்னையே பார்த்தது. ருனு, "மனியாத்தா, மனி?" என்றாள்.

அவர் பக்கம் திரும்பி, "நன்றி" என்றேன். வாழ்க்கையில் அந்த வார்த்தையை நேருக்கு நேராக யாரிடமும் சொன்னதாக நினைவில்லை. குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

"அந்த மெஷினாட்டப் பேசாதீங்க அம்மிணி," என்றார். "அண்ணாச்சி சொல்றேன். மெக்கானிக்கு விசிலடிக்கறதுக்குள்ள மணிய அடிங்க."

அடித்தேன்.